அமேசான் அசோசியேட்ஸ்: மலையில் குழுவாகச் செய்பவர்களுக்குத் தாங்குமா?

நாம் போடும் லிங்க் வழியாகப் பிறர் வாங்கினால் கமிஷன் தரும் அமேசானின் அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸைப் பற்றித் தமிழில் வரும் மதிப்பீடுகளில் பாதிக்கு மேல் ‘மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்’ என்பதிலேயே நின்றுவிடுகின்றன. நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் இடத்தில் சிக்கல் வேறு. இரண்டு மாதம் ஆர்வமாக லிங்க் போட்டவர் மூன்றாவது மாதம், ‘அக்கா, இது எனக்குச் சரிப்பட்டு வராது, நான் நின்னுக்கறேன்’ என்று மெசேஜ் போடுவார். அந்த நேரத்தில் அவருக்குக் காட்டுவதற்கு இந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது, எந்த விதி அவரை மேலும் சோர வைக்கும் என்பதுதான் இந்த மதிப்பீடு. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வீட்டிலிருந்தே செய்யும் சிறு குழுக்களை வைத்து எழுதியது. கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரிப்போர்ட் நன்று. பணம் வரும் வேகம் மோசம். விதிகள் கடுமை, ஆனால் எழுத்தில் தெளிவாக இருக்கின்றன. சோர்ந்து போனவரைத் திருப்பி உட்கார வைக்க, சூரிய உதயப் படத்தோடு ‘விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி’ என்று அனுப்புவதைவிட, அவர் பெயருக்கு நேரே உள்ள ஒரு வரி ரிப்போர்ட் அதிகம் உதவும். அந்த வரியை எடுக்க வழி இருக்கிறது. எடுக்காத குழுக்களே அதிகம்.

வழி இதுதான். கணக்குத் தொடங்கும்போது கிடைக்கும் ஸ்டோர் ஐடி (விற்பனை எந்தக் கணக்குக்கு என்று காட்ட லிங்கில் சேரும் குறியீடு, இந்தியக் கணக்கில் -21 என்று முடியும்) ஒன்றே ஒன்றை எல்லோரும் பயன்படுத்தினால், யார் லிங்கில் எது விற்றது என்று யாருக்கும் தெரியாது. கணக்கின் செட்டிங்ஸுக்குள் டிராக்கிங் ஐடி (ஒரே கணக்கில் லிங்குகளைப் பிரித்துக் காட்டும் துணைக் குறியீடு) நிர்வாகம் என்று ஒரு பக்கம் உண்டு. ஒரே கணக்கில் 100 ஐடி வரை உருவாக்கலாம். ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒருவரே யூடியூபிலும் டெலிகிராமிலும் போடுகிறார் என்றால் அவருக்கு மட்டும் இரண்டு. ரிப்போர்ட்டை டிராக்கிங் ஐடி வாரியாகப் பிரித்து இறக்கிக்கொண்டால் கிளிக், ஆர்டர், அனுப்பிய பொருள், திரும்பி வந்த பொருள், கமிஷன் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பொருளின் பக்கத்துக்கு மேலே வரும் சைட்ஸ்டிரைப் பட்டையில் லிங்க் எடுக்கும்போது, டிராக்கிங் ஐடி பெட்டியில் தன் பெயரைத் தேர்ந்தெடுக்காமல், இயல்பாக நிற்கும் பொது ஐடியோடேயே நகல் எடுத்துவிடுவார்கள். விற்பனை நடக்கும், பணமும் கணக்குக்கு வரும், ஆனால் அந்த ஆளின் வரியில் பூஜ்யம் நிற்கும். ‘எனக்கு மட்டும் ஒண்ணுமே வரலை’ என்று ஒருவர் சொன்னால் ஆறுதல் சொல்வதற்கு முன் அவர் போட்ட நாலு பழைய லிங்கைத் திறந்து பாருங்கள். சுருக்கிய லிங்க் பிரவுசரில் விரிந்ததும் முகவரிப் பட்டையில் யாருடைய ஐடி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாதி மனக்கசப்பு அங்கேயே தீரும்.

அடுத்தது பணம். இதில் அமேசானுக்கு நம் மதிப்பெண் குறைவு. ஜூன் 10ஆம் தேதி ஒருவர் லிங்கைத் தொட்டு ஆர்டர் போடுகிறார் என்று வையுங்கள். ஆர்டர் ரிப்போர்ட்டில் ஒரு நாள் பிந்தித் தெரியும். கமிஷன் கணக்கில் ஏறுவது பொருள் அனுப்பப்பட்ட பிறகு. வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அது கழிந்துவிடும். ஜூன் மாதக் கணக்கு முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து, அதாவது ஆகஸ்ட் கடைசியில்தான், குறைந்தபட்சத் தொகையைத் தாண்டியிருந்தால் வங்கிக்கு வரும். தாண்டவில்லையா, அடுத்த மாதத்தோடு சேர்ந்துகொள்ளும். ஏப்ரலில் சேர்ந்து மே கடைசியில் முதல் ஆர்டர் பார்த்தவர் ஜூலை முழுக்க வெறுங்கையோடுதான் இருப்பார். அவர் விலக நினைப்பதில் என்ன வியப்பு?

இதைச் சேரும் நாளிலேயே தேதி போட்டுச் சொல்லிவிட வேண்டும். நீலகிரியில் சொல்வது எளிது: இந்த மாதம் இலை போட்டு அடுத்த மாதம் விலை தெரிந்து பணம் வாங்கிப் பழகிய சிறு தேயிலை விவசாயி வீடுகளில் தாமதம் புதிதல்ல, எவ்வளவு தாமதம் என்பதை மறைப்பதுதான் கோபத்தைக் கிளப்பும். கையில் கொஞ்சம் இருப்பு வைத்திருக்கும் குழுத் தலைவர், அனுப்பியாகிவிட்ட பொருளுக்கான பங்கில் பாதியை முன்பணமாகக் கொடுக்கலாம். முழுதும் கொடுத்தால் ரிட்டர்ன் வரும்போது கையைக் கடிக்கும். துணி, செருப்பு மாதிரி அளவு பொருந்தாமல் திரும்பும் சாமான்களுக்கு முன்பணமே வேண்டாம்.

கிளிக் போகும் வழியையும் குழுவில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். லிங்கைத் தொட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம்தான் நம் கணக்கு. அதற்குள் வேறொருவரின் அஃபிலியேட் லிங்கை அவர் தொட்டால் நமது முடிந்தது. ஒரு ஆர்டர் போட்டுவிட்டாலும் அந்த 24 மணி நேரம் அங்கேயே முடிந்தது, அன்றே அவர் போடும் இரண்டாவது ஆர்டர் நமக்கு வராது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போட்டுவிட்டால், 89 நாளுக்குள் வாங்கினாலும் கமிஷன் உண்டு. ஆகவே ‘விலை குறையட்டும்னு காத்திருக்கீங்களா, இப்பவே கார்ட்ல போட்டு வையுங்க’ என்ற ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். பத்து ஊக்க வீடியோ பார்ப்பதைவிட இந்த ஒரு வரியைப் பதிவில் சேர்ப்பது பலன் தரும்.

டெலிகிராமில் இன்னொரு ஓட்டை. செயலிக்குள்ளேயே இருக்கும் பிரவுசரில் லிங்க் திறந்தால் வாங்குபவர் அங்கே லாக்-இன் ஆகியிருக்க மாட்டார். பாஸ்வேர்டு கேட்கும், ஓடிபி கேட்கும், ஆள் போய்விடுவார். பிறகு அமேசான் செயலியைத் தானே திறந்து வாங்குவார், நமக்குக் கிளிக் மட்டும் மிஞ்சும். கிளிக் நிறைய, ஆர்டர் இல்லை என்று வருந்துபவரின் சேனலை அவருடைய போனிலேயே தொட்டுப் பார்த்துச் சோதியுங்கள்.

சரி, விலகுகிறேன் என்பவரிடம் என்ன பேசுவது? முதலில் ரிப்போர்ட்டை வைத்து எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிளிக்கே 50ஐத் தாண்டவில்லை என்றால் அவருடைய திறமையைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. நூறு கிளிக்குக்கு இரண்டு ஆர்டர் வரக்கூடிய நல்ல பதிவு என்றே வைத்துக்கொண்டாலும், 50 கிளிக்கில் ஒன்றுகூட விற்காமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்றில் ஒருவருக்கு மேல் அப்படித்தான் மாட்டுவார்கள். அதே பதிவுக்கு 150 கிளிக் வந்தும் பூஜ்யம் என்றால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அப்போது ‘பொறுமையாக இரு’ என்பது தவறான அறிவுரை. பதிவையோ பொருளையோ மாற்றத்தான் வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

அனுப்ப வேண்டிய மெசேஜும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ‘தங்கச்சி, உன் ஐடியில இந்த மாசம் 41 கிளிக், ஆர்டர் இல்ல. இதை வெச்சு நல்லா இருக்கா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. 150 வரைக்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் பிடிச்சுப் போடு. அப்பவும் வரலைன்னா நாம ரெண்டு பேரும் உக்காந்து பதிவைப் பிரிச்சுப் பாப்போம். அதுக்கப்புறமும் வேண்டாம்னு தோணுச்சுன்னா தாராளமா நிறுத்திக்கலாம்.’ இதில் புகழ்ச்சி இல்லை, மிரட்டலும் இல்லை. வேலைக்கு ஒரு எல்லை இருக்கிறது, வெளியேற வழியும் இருக்கிறது. சோர்ந்தவருக்கு அந்த இரண்டும்தான் முதலில் தேவை. எல்லோரும் இருக்கும் குரூப்பில் இதைப் போடாதீர்கள், தனியாக அனுப்புங்கள். குரூப்பில் எண் போட்டால், அதிகம் விற்றவர் பெருமைப்படுவார், மற்ற மூவர் அன்றே மனதுக்குள் விலகிவிடுவார்கள்.

கிளிக் குவிந்தும் விற்காததற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. ‘இ-பாஸ் எடுப்பது எப்படி’ என்று போட்டால் பார்வை அள்ளும். ஆனால் அதைத் தேடி வருகிறவர் கையில் பாஸ் கிடைத்ததும் போய்விடுவார், அவருக்கு அந்த நேரத்தில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. அதே ஆளைப் பொருளோடு பிடிக்க வேண்டுமானால் நீலகிரியின் பிளாஸ்டிக் தடையைச் சொல்லுங்கள். பெட் பாட்டில் தண்ணீரோடு மலையேற முடியாது, ஆகவே குடும்பத்துக்கு ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் தேவை. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, அரை லிட்டர் இரண்டு. குழந்தைக்கு மூடியோடு ஸ்ட்ரா உள்ளது. இப்படி எழுதினால் வாசிப்பவர் வாங்கப் போகிறவராக இருப்பார். நம் வாடிக்கையாளர் கோத்தகிரியில் இல்லை. சென்னையிலோ திருப்பூரிலோ பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

பதிவைப் பிரித்துப் பார்ப்பது என்றால் என்ன என்று ஒரு ஹீட்டரை வைத்துக் காட்டலாம். பலர் போடுவது: ‘ஊட்டி குளிருக்கு சூப்பர் ரூம் ஹீட்டர்! உடனே வாங்குங்க!’ இதை எழுத மலையில் இருக்க வேண்டியதில்லை. மலைக்காரருக்குத் தெரிந்தது வேறு. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளிலும் காட்டேஜ்களிலும் கட்டில் பக்கத்தில் இருப்பது 6 ஆம்ப் பாயிண்ட். அதில் மாற்று பின் போட்டுச் செருகினால் பிளக் சூடாகி உருகும். 16 ஆம்ப் பாயிண்ட் கெய்சருக்கு மட்டும்தான் இருக்கும், அதுவும் குளியலறைப் பக்கம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தீர்வல்ல, அதன் ஒயரும் அந்த அளவுக்குத் தாங்க வேண்டும். ஆகவே 800 அல்லது 1000 வாட்டில் தனி சுவிட்ச் உள்ள மாடல்தான் பெரும்பாலோருக்குச் சரி. அடுத்தது வோல்டேஜ். டிசம்பர் இரவில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடி வோல்டேஜ் 190க்கு இறங்கினால், 2000 வாட் என்று எழுதியிருக்கும் ஹீட்டர் சுமார் 1365 வாட் வெப்பம்தான் தரும். வாங்கியவர் ‘பொருள் சரியில்லை’ என்று திருப்பி அனுப்புவார், நம் கமிஷன் கழியும். இதை முன்கூட்டியே சொன்ன பதிவுக்கு ரிட்டர்ன் குறையும். ஃபேன் ஹீட்டர் உடனே சுடும், சத்தம் வரும், நிறுத்தினால் அறை உடனே குளிரும். ஆயில் ஹீட்டர் மெதுவாகச் சுடும், அணைத்த பின்னும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பு இருக்கும், கனம் அதிகம், விலையும் அதிகம். எதிலும் ஈரத்துணி காயப்போடக் கூடாது. விலக நினைத்தவரையே இந்தப் பத்தியை எழுத வையுங்கள். தனக்கு இவ்வளவு தெரியும் என்று அவருக்கே தெரிவது அப்போதுதான்.

இதே மாதிரி எழுத மலையில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. மழை மாதங்களில் தோல் செருப்பிலும் கேமரா லென்ஸிலும் பூஞ்சை ஏறும். சிலிக்கா ஜெல்லும் காற்றுப் புகாத டப்பாவும் விற்கும். கரண்ட் போனால் வைஃபை நிற்காமல் இருக்க மினி யுபிஎஸ். அதில் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் வாங்கிவிட்டு ‘ஓடலை’ என்று திருப்புவதுதான் வழக்கமான ரிட்டர்ன். குழுவில் உள்ளவர்களுக்கும் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. காற்று மழையில் லைன் போனால் வேலையும் போகும், மனசும் போகும்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். சீசன் ஏப்ரல், மே. மே மாதத்தில் ஊட்டி மலர்க் காட்சி, குன்னூர் சிம்ஸ் பார்க்கில் பழக் காட்சி. அந்தக் கூட்டத்தைப் பார்த்து உற்சாகமாகி மே கடைசியில் தொடங்குபவர்கள்தான் ஜூலையில் விலகுகிறார்கள். தேடுபொறியில் பதிவு மேலே வரவே மாதக்கணக்கு ஆகும், அதற்குள் தென்மேற்குப் பருவமழை வந்து பயணிகள் குறைந்துவிடுவார்கள். மழைக்காலம் எழுதும் காலம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கும் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கும் வேண்டிய பதிவுகளை அப்போது முடிக்க வேண்டும்.

இனி, கணக்கையே மூட வைக்கும் விதிகள். புதுக் கணக்கில் 180 நாளுக்குள் தகுதியான 3 விற்பனை வராவிட்டால் மூடிவிடுவார்கள். மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் பழைய லிங்கையெல்லாம் மாற்ற வேண்டிய வேலை தலையில் விழும். இந்தப் பயத்தில் சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரையும் வாங்கச் சொல்வார்கள். தன் லிங்கில் தானே வாங்குவதும், சொந்தக்காரர்களும் நண்பர்களும் வாங்குவதும் கணக்கில் சேராது. அடிக்கடி நடந்தால் கணக்குக்கே ஆபத்து. சோர்ந்தவரைத் தேற்றுவதற்காகக் குழுவே அவர் லிங்கில் ஒன்று வாங்குவது நல்ல மனசுதான், ஆனால் செய்யவே கூடாத காரியம்.

லிங்கை ஈமெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ பிடிஎஃபிலோ அச்சிட்ட நோட்டீஸிலோ போடக் கூடாது. விலையைக் கையால் டைப் செய்வது, வாங்கியவர்கள் எழுதிய விமர்சனத்தையும் நட்சத்திரத்தையும் நகலெடுப்பது இரண்டும் ஆகாது. லிங்க் போடும் வலைத்தளம், சேனல் எல்லாம் கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். அதனால் அவரவர் சொந்தப் பக்கத்தில் போடுவதைவிட, குழுவுக்குப் பொதுவான தளமும் சேனலும் வைத்து, ஆளுக்கொரு ஐடியோடு எழுதுவதே பாதுகாப்பு. இது கமிஷன் லிங்க் என்பதையும் பதிவிலேயே சொல்ல வேண்டும். அமேசானின் ஒப்பந்தம் மட்டுமல்ல, விளம்பரத் தர மன்றம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கின்றன. பதிவு தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில், லிங்குக்கு முன்னால். ‘இந்த லிங்கில் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் வரும்’ என்று எழுதினால் போதும்.

பங்கு பிரிப்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பணம் ஒருவர் வங்கிக்குத்தான் வருகிறது, வரியும் அவர் பான் எண்ணில்தான் பிடிக்கப்படுகிறது. கமிஷனுக்கான டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) 2024 அக்டோபர் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்திருக்கிறது. பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். ரிப்போர்ட்டில் ஒரு தொகை, வங்கியில் வேறு தொகை என்று உறுப்பினர் கேட்டால் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து காட்டுங்கள். ‘பாத்துக்கலாம் தம்பி’ என்ற பதில்தான் குழுவை உடைக்கும்.

யாரைத் திருப்பி அழைக்கக் கூடாது என்பதும் உண்டு. வட்டிக்கு வாங்கி விளம்பரம் போட்டவர், மாத வருமானத்தை இதிலேயே நம்பி வேலையை விட நினைப்பவர், இரண்டு பேரையும் நிற்கச் சொல்லாதீர்கள். இன்னொன்று: சேர்ப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆள் சேர்த்தால் பணம் என்று சொல்லும் குழுக்களும் தங்களை ‘அஃபிலியேட் டீம்’ என்றே அழைத்துக்கொள்கின்றன. அசோசியேட்ஸில் நுழைவுக் கட்டணமும் இல்லை, கீழே ஆள் சேர்த்ததற்குக் கமிஷனும் இல்லை. ஆள் சேர்ப்பிலேயே பணம் சுற்றும் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம் தடை செய்திருக்கிறது. 2021 நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டங்களையும் நுழைவுக் கட்டணத்தையும் தடுக்கின்றன. அப்படியொரு குழுவிலிருந்து ஒருவர் விலக நினைத்தால் உற்சாகப்படுத்த வேண்டியது அந்த விலகலைத்தான்.

பேசியும் எண் பார்த்தும் ஒருவர் கிளம்புவது என்று முடிவெடுத்தால், அன்றே சேனல் நிர்வாக உரிமையை எடுத்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஆனால் அவருடைய டிராக்கிங் ஐடியைக் கைவிடாதீர்கள். அவர் எழுதிய ஹீட்டர் பதிவு அடுத்த டிசம்பரிலும் விற்கும். எத்தனை மாதம் வரை அவர் பங்கு அவருக்குப் போகும் என்பதைச் சேரும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு வருடம் நியாயமான அளவு. கடைசி மாதக் கணக்குக்கான பணம் வர இரண்டு மாதம் ஆகும் என்பதால், கிளம்பும் நாளில் ‘எல்லாம் தீர்ந்தது’ என்று கையெழுத்து வாங்க வேண்டாம், அந்தத் தொகை வரும் தேதியை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.